அஷூர் ஃபயர் சர்வீஸின் ரீஇண்டெக்ஸ்: வேலையில் குறையில்லை, வாய்தான் இல்லை

மைக்ரோசாஃப்ட் அஷூர் கிளவுடின் ஃபயர் (FHIR) சர்வீஸை, அதாவது நோயாளி ரெக்கார்டுகளை ஒரு பொதுத் தர வடிவத்தில் சேமித்துத் தேட உதவும் சேவையை, எங்கள் மருத்துவமனை எடுத்து ஓட்ட ஆரம்பித்து நாளாகிவிட்டது. மொத்தத்தில் எப்படி என்று கேட்டால் நல்ல சரக்கு என்பேன். இந்த விமர்சனம் மொத்தத்துக்கும் இல்லை. நம் சொந்தத் தேவைக்கு ஒரு தேடல் பாராமீட்டர், அதாவது எதை வைத்துத் தேடலாம் என்பதில் புதிதாக ஒன்று சேர்த்துவிட்டு, அதற்காகப் பழைய ரெக்கார்டுகளை எல்லாம் ரீஇண்டெக்ஸ் செய்ய, அதாவது தேடல் பட்டியலில் மறுபடி ஏற்ற வேண்டி வருகிறதே, அந்த ஒரு வசதிக்கு மட்டும். மருத்துவமனை, லேப், ஸ்கேன் சென்டர் என்று எங்காவது கம்ப்யூட்டர் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உதவும். மற்றவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

எங்களுடையது மதுரை அண்ணா நகர் பக்கம் இருக்கும் நடுத்தர மருத்துவமனை. சர்க்கரை நோய்ப் பிரிவுதான் பெரிது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, தே. கல்லுப்பட்டி என்று சுற்றுவட்டாரத்தில் முகாம் போடுவார்கள். சர்க்கரை, பிரஷர், கால் உணர்ச்சி எல்லாம் பார்த்துவிட்டு, தேவைப்படுகிறவர்களுக்கு மதுரைக்கு வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். சீட்டு வாங்கியவர்களில் யார் வரவில்லை என்பதுதான் எங்கள் டாக்டர் அம்மாவுக்குத் தீராத கவலை. பாதம் மரத்துப்போன ஆள் ஆறு மாதம் கண்ணில் படவில்லை என்றால், அடுத்த முறை புண்ணோடு வந்து நிற்பார். அதனால் அவர் கேட்டது சின்ன விஷயம்: இன்ன முகாமில் பதிவான எல்லோர் பெயரும் ஒரு பட்டன் அழுத்தினால் வர வேண்டும்.

ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. செக்கானூரணிக்காரர் சந்தைக்குப் போன இடத்தில் உசிலம்பட்டி முகாமில் பதிவார். பேரையூர் பாட்டி மகள் வீட்டுக்கு வந்திருக்கும்போது திருமங்கலத்தில் பதிவார். முகவரி வேறு, முகாம் வேறு.

இங்கேதான் சிக்கல். எச்எல்7 அமைப்பின் ஃபயர் தரத்தில், நோயாளியைப் பெயர், பிறந்த தேதி, ஃபோன், ஊர் என்று தேடுவதற்கு ஏற்கெனவே வழி இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனின் 14 இலக்க ஆபா என்ற உடல்நல அடையாள எண்ணுக்கும் புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். ஐடென்டிஃபையர் என்ற இடத்தில் வைத்துவிட்டால் தரமே தேடிக் கொடுக்கும். அந்த மிஷனும் நாங்கள் ஓட்டுகிற ஃபயரின் அதே ஆர்4 பதிப்பைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது என்பதால், இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு நம் ஊர் மருத்துவமனைகள் எல்லாமே இந்தப் பக்கம் வந்துதான் ஆக வேண்டும். ஆனால் 'எந்த முகாமில் பதிவானார்' என்பதற்குத் தரத்தில் இடம் கிடையாது. எக்ஸ்டென்ஷன் என்று ஒன்றை நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டியது பத்திரமாக இருக்கும், ரெக்கார்டைத் திறந்தால் தெரியும். அதை வைத்துத் தேட மட்டும் முடியாது.

தேட வேண்டும் என்றால் சர்ச்பாராமீட்டர் என்ற ரெக்கார்டு ஒன்றை எழுதி சர்வருக்கு போஸ்ட் செய்ய, அதாவது ஏற்றச் சொல்லி அனுப்ப வேண்டும். அதில் முக்கியமானவை நான்கு. கோட் என்பது தேடும்போது தட்டுகிற பெயர். பேஸ் என்பது எந்த வகை ரெக்கார்டுக்கு. டைப் என்பது எழுத்தா, தேதியா, குறியீடா. எக்ஸ்பிரஷன் என்பது ரெக்கார்டுக்குள் அந்த மதிப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஃபயர்பாத் மொழியில் சொல்லும் ஒற்றை வரி. எழுதுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. சர்வர் சரி என்று வாங்கிக்கொள்ளும்.

வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். எங்கள் பழைய ரெக்கார்டு ரூமில் முகாம்வாரியாகப் புதுப் பேரேடு ஒன்று போட்டால் எப்படியோ அப்படி: இன்றைக்கு வருகிற ஃபைலில் இருந்து அதில் பதிவு ஏறும், அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் ஃபைல்களை ஒருவர் உட்கார்ந்து ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்து ஏற்றினால்தான் பேரேடு முழுமை. அந்த உட்கார்ந்து பிரிக்கிற வேலைதான் டாலர் ரீஇண்டெக்ஸ் ($reindex) என்ற கட்டளை. அதை நாம் தனியாகக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் இருக்கிறோம் என்று சர்வர் நினைவூட்டாது.

டாக்டர் அம்மாவுக்கு ஒரு திரை எழுதிக் கொடுத்த வெளி நிறுவனம் ஒன்று இருக்கிறது, பெயர் வேண்டாம். பாராமீட்டர் ஏற்றியாயிற்று என்று கேள்விப்பட்டதுமே, ரீஇண்டெக்ஸுக்குக் காத்திருக்காமல், திரையைத் திறந்துவிட்டுவிட்டார்கள். அன்று காலையிலேயே எனக்கு ஃபோன். "என்ன தம்பி இது, உசிலம்பட்டி முகாம்னு போட்டா மதுரை ஜில்லாவே வந்து நிக்குது?"

உண்மையிலேயே எல்லோரும்தான் வந்து நின்றார்கள். ஃபயர் தரப்படி, சர்வருக்குத் தெரியாத, அல்லது இன்னும் தயாராகாத பாராமீட்டரை வைத்துத் தேடினால், அதை ஒதுக்கிவிட்டு மீதி நிபந்தனைகளை வைத்துத் தேடலாம். எங்கள் திரையில் இருந்ததே ஒரே ஒரு நிபந்தனை. அதை ஒதுக்கினால் மிச்சம் 'நோயாளிகள் எல்லோரும்'. பிழை என்று சிவப்பில் எதுவும் வராது. ஜம்மென்று 200 என்ற வெற்றி எண்ணோடு பதில் வரும். பதிலோடு வரும் செல்ஃப் லிங்க்கைக் கூர்ந்து பார்த்தால், சர்வர் எதை வைத்துத் தேடியது என்று எழுதியிருக்கும்; நாம் கேட்ட முகாம் அதில் இருக்காது. அதையெல்லாம் எந்த டாக்டர் பார்ப்பார்?

இதற்கு மருந்து இருக்கிறது, அதுவும் தரத்திலேயே இருக்கிறது. தேடலோடு 'ப்ரிஃபர்: ஹேண்ட்லிங்=ஸ்ட்ரிக்ட்' என்ற ஹெடரை, அதாவது கோரிக்கையோடு போகிற சின்னக் குறிப்பை, அனுப்பினால், தெரியாத பாராமீட்டருக்கு சர்வர் பிழை காட்டி நின்றுவிடும். ஒரே ஒரு வரி. இன்று எங்களிடம் எந்த நிறுவனம் திரை எழுதிக் கொடுத்தாலும் இந்த ஹெடர் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. மருத்துவத்தில் தப்பான பட்டியலைவிட வெறும் திரை எவ்வளவோ தேவலை. தரத்தை எழுதியவர்கள் எல்லா வகை சர்வர்களும் ஒத்துப்போக வேண்டும் என்று தளர்வாக வைத்திருப்பார்கள், அது புரிகிறது. ஆனாலும் என்னைக் கேட்டால் கண்டிப்பைத்தான் இயல்பாக வைத்திருக்க வேண்டும். தளர்வு வேண்டுமென்பவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

அப்புறம் இன்னொரு ஹெடர், இது மைக்ரோசாஃப்டின் சொந்தச் சரக்கு: 'எக்ஸ்-எம்எஸ்-யூஸ்-பார்ஷியல்-இண்டிசஸ்'. இதை ட்ரூ என்று வைத்தால், ரீஇண்டெக்ஸ் முடிவதற்கு முன்பே, இதுவரை பேரேட்டில் ஏறியவற்றை மட்டும் வைத்துத் தேடிக் காட்டும். சோதித்துப் பார்க்க அருமையான வசதி; எக்ஸ்பிரஷன் சரியாக எழுதியிருக்கிறோமா என்று ஒரு நோயாளியை வைத்தே தெரிந்துகொள்ளலாம். ஆனால் இதை டாக்டர் பார்க்கும் திரையில் வைத்துவிடாதீர்கள். பாராமீட்டர் போட்ட பிறகு புதிதாகப் பதிவானவர்கள் மட்டும் அழகாக வந்து நிற்பார்கள், பழைய ஆட்கள் யாரும் இருக்க மாட்டார்கள். மதுரை ஜில்லாவே வந்தால் சந்தேகம் வரும். நாற்பது பேர் வந்தால் யாருக்கும் வராது.

சரி, ஓட்டுவதற்கு வருவோம். நாள் பார்த்துத்தான் ஓட்டினோம். ரீஇண்டெக்ஸ் ஓடும்போது டேட்டாபேஸுக்குச் சுமை கூடும் என்று மைக்ரோசாஃப்டே எழுதியிருக்கிறது. கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாள் எங்கள் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அன்று புறநோயாளிப் பிரிவு கிடையாது, எமர்ஜென்சி மட்டும்தான். எனக்கு வீடு செல்லூர். கோரிப்பாளையத்தைத் தாண்டி வேலைக்குப் போகலாம் என்று அன்றைக்கு யாரும் கனவுகூடக் காண முடியாது. கிளவுடில் இருப்பதன் லாபம் இதில்தான்: தெருவில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போய்க்கொண்டிருக்க, நான் மாடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு போஸ்ட் அனுப்பினேன். பாராமீட்டர்ஸ் என்ற காலி உறை ஒன்று, அவ்வளவுதான் உள்ளடக்கம். 201 என்று பதிலும், வேலையின் முகவரியும் வந்தன.

அந்த முகவரியைத் திரும்பத் திரும்பத் தட்டித்தான் நிலவரம் பார்க்க வேண்டும். மொத்தம் எத்தனை, இதுவரை எத்தனை முடிந்தது, வரிசையில் இருக்கிறதா, ஓடுகிறதா, முடிந்ததா என்று சொல்லும். நேர்மையான கணக்கு. முடிந்ததும் ஒரு செய்தி அனுப்பினால் என்ன குறைந்துவிடும் என்பதுதான் என் ஆதங்கம். பக்கத்தில் இருந்த என் சகாவான தம்பி சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அதுவே தட்டிப் பார்த்து முடிந்ததும் ஃபோனுக்குச் சொல்கிற மாதிரி செய்துவிட்டான். பத்து வரி. இதை விற்பவரே செய்து தந்திருக்கலாம்.

வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். ஒரு தடவைக்கு எத்தனை ரெக்கார்டு எடுக்கலாம் என்பதுபோன்ற அளவுகளைப் போஸ்ட்டிலேயே சொல்லலாம். அந்த அளவுகள் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருப்பதால் இங்கே எண் எழுதவில்லை, ஆவணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எமர்ஜென்சிக்காரர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நாங்கள் மெதுவாகவே ஓட்டினோம். அவர்களிடமிருந்து ஒரு முணுமுணுப்பும் வரவில்லை.

ஒன்றை மட்டும் நன்றாக யோசித்துச் செய்தோம். முகாம் பாராமீட்டரோடு லேப்காரர்கள் கேட்டிருந்த ஒன்றையும் சேர்த்துப் போஸ்ட் செய்துவிட்டு, இரண்டுக்குமாக ஒரே ரீஇண்டெக்ஸ். லேப் கேட்டது, ரத்த மாதிரி எந்தக் கலெக்ஷன் சென்டரிலிருந்து வந்தது என்பது. அது அப்சர்வேஷன் வகை. நோயாளி ஒருவர் என்றால் அவருக்கு அப்சர்வேஷன் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு சர்க்கரை அளவும், ஒவ்வொரு பிரஷர் அளவும் தனித்தனி ரெக்கார்டு. நேரம் எல்லாம் அங்கேதான் போகும். அதனால் பேஸ் என்ற இடத்தில் உண்மையில் தேவையான வகையை மட்டும் எழுதுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா வகையையும் போட்டால் அத்தனையையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்.

முடிந்தது என்று வந்தது. முடித்தவையும் மொத்தமும் ஒன்றுக்கொன்று பொருந்தின. ஸ்ட்ரிக்ட் ஹெடரோடு தேடினால் உசிலம்பட்டி ஆட்கள் மட்டும் ஒழுங்காக வந்தார்கள். டாக்டர் அம்மாவுக்குச் சந்தோஷம். முகாம் பொறுப்பைப் பார்க்கிற அக்காவுக்குத்தான் திருப்தி இல்லை. அவரிடம் ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு இருக்கிறது, முகாமுக்கு முகாம் கைப்பட எழுதியது. அதை விரித்து வைத்துக்கொண்டு, "செக்கானூரணிப் பாட்டி ஒண்ணு, பேரனோட வந்துச்சே, அது எங்க? இந்தப் பக்கம் பூராமே இல்லையேப்பா" என்றார்.

பாட்டியின் ரெக்கார்டு சர்வரில் இருந்தது. உள்ளே முகாம் பெயரும் இருந்தது. தேடினால் மட்டும் வரவில்லை. இந்த இடத்தில்தான் இந்த வசதி என் மனதில் இடம் பிடித்தது. ஒரே ஒரு ரெக்கார்டின் முகவரிக்குப் பின்னால் டாலர் ரீஇண்டெக்ஸ் என்று போட்டு கெட், அதாவது படித்துக் காட்டு என்கிற கோரிக்கை, அனுப்பினால், அந்த ரெக்கார்டிலிருந்து தேடலுக்கு என்னென்ன மதிப்புகளை எடுக்க முடிகிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும், எதையும் மாற்றாது. அதையே போஸ்ட்டாக அனுப்பினால் அந்த ஒன்றை மட்டும் இண்டெக்ஸில் ஏற்றும். பாட்டிக்கு கெட் அனுப்பினேன். பெயர் வந்தது, பிறந்த தேதி வந்தது, பாலினம், ஊர், ஃபோன் எல்லாம் வந்தன. முகாம் வரி இல்லை.

ரெக்கார்டு சேமிக்கப்படும் எழுத்து வடிவமான ஜேசானை எழுத்தெழுத்தாகப் பார்த்தபோது பிடிபட்டது. எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு முகவரி உண்டு. அதுதான் அதன் அடையாளம். முகாமில் டேப்லெட்டில் பதிவதற்கு ஆப் செய்து கொடுத்தது இன்னொரு வெளி நிறுவனம். அவர்களுடைய பழைய ஆப் அந்த முகவரியை எச்டிடிபி என்று எழுதியது. நடுவில் வந்த புதுப் பதிப்பு யாரிடமும் சொல்லாமல் எச்டிடிபிஎஸ் என்று எழுத ஆரம்பித்துவிட்டது. ஒரு எஸ். பிரௌசரில் தட்டினால் பெரும்பாலும் இரண்டும் ஒரே பக்கத்துக்குத்தான் போகும்; ஃபயருக்கு இரண்டும் வேறு வேறு ஜாதி. ஒப்பந்தத்தில் கொடுத்த வடிவத்தைப் பார்த்து எழுதிய எங்கள் எக்ஸ்பிரஷன் பழையதைப் பிடித்தது, புதியதை விட்டுவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, நிலவரத்தில் வருகிற 'வெற்றிகரமாக ரீஇண்டெக்ஸ் ஆனவை' என்ற எண் எதை எண்ணுகிறது என்பதை. பிரித்துப் பார்த்த ஃபைல்களை எண்ணுகிறது. உள்ளே மதிப்பு கிடைத்ததா என்று எண்ணவில்லை. முகாமுக்கே போகாமல் நேராக மருத்துவமனைக்கு வந்த நோயாளியும் அந்தக் கணக்கில் வெற்றிதான், நம் பாட்டியும் வெற்றிதான். நியாயமாகப் பார்த்தால் சர்வரைக் குறை சொல்ல முடியாது. எக்ஸ்டென்ஷன் இல்லாத ரெக்கார்டு சட்டப்படி சரியான ரெக்கார்டு. ஆனாலும் 'இந்தப் பாராமீட்டருக்கு இத்தனை ரெக்கார்டில் மதிப்பு கிடைத்தது' என்று ஒரு வரி கூடச் சொல்லியிருந்தால், அக்காவின் நோட்டு இல்லாமலே பிடித்திருக்கலாம். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன்.

எக்ஸ்பிரஷனில் இரண்டு முகவரிகளையும் 'ஆர்' போட்டுச் சேர்த்தோம். பாராமீட்டரைத் திருத்தினால் மறுபடியும் முழு ரீஇண்டெக்ஸ். இந்த முறை முதலில் பாட்டிக்கு ஒரு கெட், முகாம் வரி வருகிறதா என்று பார்த்துவிட்டு, பழைய ஆப், புது ஆப், மேலூர், திருமங்கலம் என்று வகைக்கு ஓரிரண்டு ரெக்கார்டுகளைச் சோதித்துவிட்டு, அப்புறம்தான் பெரிய ஓட்டம். ஓட்டியது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி.

டைப் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், தமிழில் பதிகிறவர்களுக்கு முக்கியம். குறியீடு என்று, அதாவது டோக்கன் என்று வைத்தால், எழுத்து அப்படியே பொருந்த வேண்டும். ஸ்ட்ரிங் என்று வைத்தால் தொடக்கம் பொருந்தினால் போதும். எங்கள் ஆட்கள் முகாம் பெயரைக் கையால் தட்டியிருந்தார்கள்: ஒருவர் உசிலம்பட்டி, ஒருவர் உசிலை. ஸ்ட்ரிங் என்பதால் 'உசில' என்று தட்டினால் இரண்டும் வந்துவிடும். தே. கல்லுப்பட்டியில் அந்தப் பருப்பு வேகவில்லை. ஒருவர் 'தே.' என்று தொடங்குவார், ஒருவர் 'டி.' என்பார், இன்னொருவர் வெறும் கல்லுப்பட்டி என்றே விட்டிருப்பார். அதற்குப் பெயரோடு 'கன்டெய்ன்ஸ்' என்ற மாற்றியைச் சேர்த்து, நடுவில் எங்கே இருந்தாலும் எடு என்று சொல்ல வேண்டும். இப்போது புது ஆப்பில் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்துவிட்டோம். கையால் தட்டுகிற வேலை இல்லை.

இதே வேலைக்கு ஜாவாவில் எழுதிய ஹாப்பி சர்வரும் இருக்கிறது, இலவசம், திறந்த மூலம். சொந்தமாக சர்வர் வைத்துப் பராமரிக்கத் தெம்புள்ள இடங்களுக்கு நல்லது. கம்ப்யூட்டர் பிரிவில் ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டு ராத்திரி பேக்கப்பையும் நாமே பார்ப்பது எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதால் அஷூருக்குப் போனோம். மைக்ரோசாஃப்டும் தன் ஃபயர் சர்வர் மென்பொருளைத் திறந்த மூலமாகவே கிட்ஹப்பில் வைத்திருக்கிறது. சொந்தக் கம்ப்யூட்டரிலேயே சர்வரை ஓட்ட உதவும் டாக்கரில் இறக்கி, பொய்யான நோயாளிகளை ஏற்றி, பாராமீட்டர், ரீஇண்டெக்ஸ், ஸ்ட்ரிக்ட் ஹெடர் எல்லாவற்றையும் லேப்டாப்பிலேயே பழகிப் பார்க்கலாம். தம்பி அதில்தான் கற்றுக்கொண்டான். காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால் இப்படி வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க முடிவது எனக்குப் பெரிய ப்ளஸ்.

பழைய 'அஷூர் ஏபிஐ ஃபார் ஃபயர்' என்ற சேவையிலேயே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை 2026 செப்டம்பர் 30-ஓடு நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. புதியதற்கு மாறும்போது நோயாளி ரெக்கார்டுகளை முதலில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். உங்கள் சொந்தப் பாராமீட்டர்களை முதலில் போஸ்ட் செய்து, காலி டேட்டாபேஸிலேயே ரீஇண்டெக்ஸை ஓட்டிவிடுங்கள். பிரித்துப் பார்க்க எதுவும் இல்லாததால் சட்டென்று முடிந்துவிடும். சர்வர் தன்னால் என்னென்ன முடியும் என்று சொல்லும் மெட்டாடேட்டாவில், அதாவது கேப்பபிலிட்டி ஸ்டேட்மென்ட்டில், உங்கள் பாராமீட்டர் பெயர் வந்துவிட்டதா என்று பாருங்கள். அங்கே வந்தால்தான் அது உண்மையில் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ரெக்கார்டுகளை ஏற்றினால், ஏறும்போதே பேரேட்டிலும் ஏறிவிடும்.